எக்ஸ்230-இல் கோர்பூட்: தனியுரிம நிலைபொருளை முழுவதுமாக வெளியேற்ற இயலுமா?

கரிசல்காடு:

அனைவருக்கும் வணக்கம். நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியைச் சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். டெபியன் நிறுவிய பிறகு எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. வைஃபை மட்டும் அடிக்கடி அறுந்ததால், தனியாக நிலைபொருள் கோப்பு (வன்பொருளுக்குள் இருந்து அதை இயக்கும் நிரல்) எதுவும் கேட்காத ஏதெராஸ் அட்டை ஒன்றை வாங்கி மாட்டினேன். மின்விசையை அழுத்தியதும், இயங்குதளம் எழுவதற்கு முன்பே, அங்கீகரிக்கப்படாத வலையட்டை பொருத்தப்பட்டிருப்பதாக 1802 என்னும் பிழை எண்ணுடன் ஒரு செய்தி வந்தது. அதோடு கணினி நின்றுவிட்டது. பழைய அட்டையைத் திரும்ப மாட்டினால்தான் நகர்கிறது.

காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்த அட்டையை மாட்டலாம் என்பதை பயாஸுக்குள், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் நிலைபொருளுக்குள், இருக்கும் ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்ததில், பயாஸுக்கு மாற்றாக வைக்கத்தக்க கட்டற்ற (மூலநிரல் எவருக்கும் திறந்த) நிலைபொருள்களாகக் கோர்பூட், லிப்ரேபூட் என்னும் பெயர்கள் கிடைத்தன. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸை ஏறக்குறைய எந்தக் கணினியிலும் நிறுவ முடிகிறது. அப்படியிருக்க, சில மெகாபைட் அளவே உள்ள இந்த நிலைபொருளை மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணத்தக்க மாதிரிகளில்தான் மாற்ற முடிகிறது? மாற்றினாலும், மூலநிரலைத் தராத தனியுரிம நிரல் ஒரு துண்டுகூட மிச்சமில்லாத கணினி என்று அதைச் சொல்ல முடியுமா?

நிரல்நெசவு:

முதல் கேள்விக்கு விடை கணினி விழிக்கும் முதல் நொடியில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மின்சாரம் வந்ததும் இன்டெல் செயலி 4 ஜிபி எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே உள்ள முகவரியிலிருந்து தன் முதல் கட்டளையை எடுக்கிறது. அந்த முகவரி மதர்போர்டில் ஒட்டப்பட்டிருக்கும் ஃபிளாஷ் சில்லுக்குக் கொண்டுபோய் விடும். அந்தக் கணத்தில் ரேம் என்று ஒன்று இல்லை. சாக்கெட்டில் ரேம் பலகை உட்கார்ந்திருக்கும். ஆனால் அதை யாரும் இன்னும் எழுப்பியிருக்க மாட்டார்கள். ஒரு மாறியை வைக்கக்கூட இடமில்லாத அந்த நிலையில், சி மொழியில் எழுதிய நிரல் எங்கே ஓடும்? தொடக்க காலத்தில் இதற்கென்றே ரோம்சிசி என்றொரு நிரல்மாற்றியை எழுதினார்கள்; அது ரேமையே தொடாமல், செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு இடங்களான பதிவகங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் வகையில் சி நிரலை மாற்றித் தரும். பின்னாளில் செயலிக்குள் இருக்கும் கேஷ் என்னும் சிறு நினைவகத்தையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது.

இவ்வாறு கிடைத்த சிறு திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் ரேமை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு ரேம் பலகையிலும் அதன் கொள்ளளவு, வேகம், காத்திருப்பு நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கும் சிறு நினைவுச் சில்லு ஒன்று உண்டு. அதைப் படிப்பது எளிது. கடினமான வேலை அதற்குப் பிறகே வருகிறது. டிடிஆர்3 ரேமில் தரவுக் கம்பிகள் ஒவ்வொன்றின் நீளமும் சற்றே வேறுபடும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு தாமதம் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பலகையிலும் சோதித்தே கண்டறிய வேண்டும். ஓர் ஒழுங்கில் பிட்டுகளை எழுதுவது, திரும்பப் படிப்பது, பிழை வந்தால் தாமதத்தை ஒரு படி நகர்த்துவது, பிழையற்ற எல்லைகள் இரண்டையும் கண்டபின் நடுவில் நிறுத்துவது என்று வேலை நீளும். கச்சேரி தொடங்குமுன் சுருதி சேர்ப்பதைப் போன்றது இது. மேளத்தை மாற்றினால் மறுபடி சேர்க்க வேண்டும்.

இந்தச் சுருதி சேர்க்கும் முறையை, அதாவது நினைவகக் கட்டுப்படுத்தியின் எந்தப் பதிவகத்தில் எந்த மதிப்பை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை, இன்டெல் பொதுவெளியில் தருவதில்லை. லினக்ஸ் கெர்னலை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அவர்கள் வரும்போது ரேம் எழுந்து உட்கார்ந்திருக்கும், கருவிகள் பட்டியலிடப்பட்டிருக்கும். நிலைபொருளை எழுதுபவர்தான் இருட்டில் முதலில் நுழைகிறார்.

கோர்பூட் திட்டம் 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில், ரான் மின்னிச் என்பவரின் முயற்சியால், லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது. கொத்தாக இணைத்து இயக்கும் கணினிகளில் ஒவ்வொன்றின் பயாஸும் விசைப்பலகையையும் திரையையும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அங்கே பெருந்தொல்லையாக இருந்தது. 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. வன்பொருளை எழுப்புவது மட்டுமே தன் வேலை, அதன்பின் இயங்குதளத்தை ஏற்றுவது ‘பேலோடு’ எனப்படும் வேறொரு நிரலின் பொறுப்பு என்னும் பிரிவினைதான் அதன் வடிவமைப்பின் சிறப்பு. சீபயாஸ், கிரப், டியானோகோர் ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் பேலோடாக வைக்கலாம்.

ஐயப்பாடு:

ஆவணம் கிடையாது என்கிறீர்கள். எக்ஸ்230-க்கு ரேமை எழுப்பும் கட்டற்ற நிரல் கோர்பூட்டில் இருக்கிறது என்றும் படித்திருக்கிறேன். ஆவணம் இல்லாமல் அது எங்கிருந்து வந்தது?

நிரல்நெசவு:

நல்ல கேள்வி. சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் என்னும் இன்டெல் செயலித் தலைமுறைகளுக்கு (எக்ஸ்230 இவற்றுள் பின்னதைச் சேர்ந்தது) கூகுள் தன் குரோம்புக்குகளில் கோர்பூட்டைப் பயன்படுத்தியபோது, ரேமை எழுப்பும் பகுதி மட்டும் மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாகவே வந்தது. இத்தகைய துண்டுகளைத்தான் பிளாப் என்கிறோம். அது என்ன செய்கிறது என்பதைத் தன்னார்வலர்கள் வெளியிலிருந்து கவனித்து, அதே வேலையைச் செய்யும் நிரலைத் தாங்களே எழுதினார்கள்.

இப்படிக் கவனிப்பதற்கு சீரியல்ஐஸ் என்றொரு கருவி உண்டு. சோதிக்கப்படும் பலகையின் ஃபிளாஷ் சில்லில் ஒரு சிறு நிரலை மட்டும் எழுதி வைப்பார்கள். உற்பத்தியாளரின் பயாஸோ பக்கத்திலுள்ள மற்றொரு கணினியில், மாற்றியமைக்கப்பட்ட கியூஎமு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும். அது வன்பொருளைத் தொட முயலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோரிக்கை சீரியல் கம்பி வழியாக உண்மையான பலகைக்குப் போய், விடை திரும்பி வரும். போகிற வழியில் ஒவ்வொரு எழுத்தும் வாசிப்பும் பதிவாகும். பயாஸ் தான் உண்மையான கணினியில் இருப்பதாகவே நம்பிக்கொண்டு தன் கமுக்கங்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிடும். அந்த நீண்ட பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, வேறு ரேம் பலகையை மாட்டினால் எந்த எண்கள் மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை.

திரைக்கும் இதே கதைதான். முன்பு வீடியோ பயாஸ் என்னும் பிளாப் இல்லாமல் திரை எழாது. இன்று எக்ஸ்230-இல் அந்த வேலையை லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் செய்கிறது. அது அடா மொழியின் ஸ்பார்க் என்னும் உட்பிரிவில் எழுதப்பட்டது. நிரல் ஓடும்போது சில வகைப் பிழைகள் நேரவே முடியாது என்று கணித முறையில் மெய்ப்பிக்க அந்த மொழி இடம் தருகிறது. நிலைபொருள் உலகில் இவ்வளவு கவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வைகைக்கரை:

ரேமும் திரையும் சரி. கரிசல்காடு அவர்களின் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் நேரடியாக விடை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: முடியாது. எக்ஸ்230-இல் மேலாண்மைப் பொறி எனப்படும் இன்டெல் எம்இ இருக்கிறது. அது சிப்செட்டுக்குள் ஓடும் தனிச் செயலி. நம் இயங்குதளத்துக்குத் தெரியாமல் நினைவகத்தைத் தொடவும், பிணையத்தில் பேசவும் வல்லது. அதன் நிரலுக்கு இன்டெலின் கையொப்பம் வேண்டும் என்பதால் நாமே எழுதி வைக்கவும் வழியில்லை.

2008-ஆம் ஆண்டின் திங்க்பேட் எக்ஸ்200-இல் நிலைமை வேறு. அங்கே ஃபிளாஷ் சில்லின் முகப்பில், எந்தப் பகுதி எங்கே உள்ளது, அதை யார் தொடலாம் என்று குறிக்கும் விவரப் பகுதியைத் திருத்தினால், எம்இ-யின் நிரலை முழுவதுமாக அழித்துவிட்டும் கணினியை இயக்கலாம். அடுத்து வந்த நெகேலம் என்னும் செயலித் தலைமுறையிலிருந்து அந்தக் கதவு அடைக்கப்பட்டது. சரியான எம்இ நிரல் இல்லையென்றால் கணினி எழும், ஆனால் 30 நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். முப்பது நிமிடம் என்று கணக்கு வைத்து வாடகைக்கு விட்டதைப் போல! உரிமையாளருக்கு இதைவிடத் தெளிவாக இடத்தைக் காட்ட முடியாது.

நிரல்நெசவு:

வைகைக்கரை அவர்கள் சொன்ன தகவல் அனைத்தும் சரி. ஆயினும் அந்த முடிவுக்கும் உண்மை நிலைக்கும் இடையில் நிறைய நடந்திருக்கிறது.

எக்ஸ்230-இல் இரண்டு ஃபிளாஷ் சில்லுகள், 8 எம்பியும் 4 எம்பியுமாக, மொத்தம் 12 எம்பி உள்ளன. அதில் ஏறத்தாழ 5 எம்பி எம்இ-க்கு உரியது. பயாஸுக்கு 7 எம்பி. 2016-இல் நிக்கோலா கோர்னா வெளியிட்ட எம்இ-கிளீனர் என்னும் கருவி, அந்த 5 எம்பிக்குள் அந்த 30 நிமிடக் கடிகாரத்தை நிறுத்துவதற்கு எவை இன்றியமையாதவையோ அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் அழிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் கையொப்பமும் தனித்தனியாகவே சோதிக்கப்படுவதால் இது இயலுகிறது. மிஞ்சுவது சுமார் 100 கிலோபைட். தொடக்க வேலையைச் செய்யும் பகுதி ஓடும். பிணைய அடுக்கும் தொலைமேலாண்மையும் அங்கே இருக்காது. விடுவிக்கப்பட்ட இடத்தைக் கோர்பூட்டுக்கே தந்துவிடலாம்.

பிந்தைய தலைமுறைகளில் எம்இ-க்குள் ஓடுவது மினிக்ஸ் 3 இயங்குதளம் என்பது 2017-இல் வெளிவந்தது. மினிக்ஸை உருவாக்கிய ஆண்ட்ரூ டனன்பாம் இன்டெலுக்குத் திறந்த மடலே எழுதினார். அதே ஆண்டில், எம்இ-யைத் தொடக்கத்திலேயே நிறுத்திவைக்கும் ஒரு பிட் உள்ளே ஒளிந்திருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் தேவைக்காக வைத்த பிட் அது. அரசுக்குக் கொடுத்த விசை நமக்கு மட்டும் கமுக்கம்.

வைகைக்கரை:

100 கிலோபைட் என்றாலும் அது தனியுரிம நிரல்தான். ‘பாதி விடுதலை’ என்று ஒன்றில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2013 டிசம்பரில் திங்க்பேட் எக்ஸ்60-க்கு ‘உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறது’ என்னும் சான்றிதழை அளித்தபோது அளவுகோல் தெளிவாக இருந்தது. அன்று லிப்ரேபூட் என்றாலே பிளாப் இல்லாத கோர்பூட் என்று பொருள். 2022 நவம்பரில் லிப்ரேபூட் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, தேவைப்படும் இடங்களில் பிளாப்புகளை ஏற்றுக்கொண்டது. பெயர் அதே, பொருள் வேறு. அதை ஏற்காதவர்கள் குனு பூட் என்று தனியே பிரிந்து போனதில் எனக்கு வியப்பில்லை. ஒரு தளர்வை ஏற்றுக்கொண்டால், நாளை உற்பத்தியாளர் எதைத் திணித்தாலும் “குறைந்த அளவுதானே” என்று சொல்லப் பழகிவிடுவோம்.

ஐயப்பாடு:

நான் இங்கே பெரும்பாலும் வாசகன்தான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு முரண் தெரிகிறது. எக்ஸ்200-இல் மைக்ரோகோடு (செயலியின் உள்வேலையை நடத்தும் நிரல்) மேம்படுத்தலைச் சேர்க்காமல் விட்டால் கட்டற்றது என்றும், சேர்த்தால் கட்டற்றதன்று என்றும் பழைய கொள்கை சொன்னது. ஆனால் செயலியின் சிலிக்கனுக்குள்ளேயே மைக்ரோகோடின் பழைய பதிப்பு பொறிக்கப்பட்டுத்தானே வருகிறது? மேம்படுத்தலை மறுப்பதால் தனியுரிம மைக்ரோகோடு மறைந்துவிடுவதில்லை. பிழைகள் திருத்தப்படாத தனியுரிம மைக்ரோகோடுதான் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பிளாப்பைத் தள்ளிவிட்டு, தெரியாத பிளாப்பின் மேல் உட்கார்ந்திருப்பதை எப்படித் தூய்மை என்பது? லிப்ரேபூட்டைத் தொடங்கிய லியா ரோ கொள்கையை மாற்றியபோது முன்வைத்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

மேலும், தூய்மையான பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் 2006-க்கும் 2009-க்கும் இடையில் வந்த கணினிகள். இன்று அவற்றில் ஓர் இணைய உலாவியைத் திறந்து வைத்தாலே மூச்சு வாங்குகிறது. ஐந்து பிளாப்பில் நான்கை நீக்கிய கணினி ஒருவர் கையில் இருப்பது, ஐந்தையும் நீக்கிய கணினி கிடைக்காமல் அவர் ஐந்துடனும் வாழ்வதைவிட மேல் அல்லவா?

வைகைக்கரை:

மைக்ரோகோடு பற்றிய கருத்தை ஒப்புக்கொள்கிறேன். அதில் பழைய நிலைப்பாடு வலுவற்றதுதான். எம்இ பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

நிரல்நெசவு:

‘கட்டற்றது’, ‘கட்டுள்ளது’ என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொள்வதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் அடுக்கடுக்காகக் கணக்கெழுதிப் பார்ப்பது என் வழக்கம். எக்ஸ்230-இன் கணக்கு இது: ரேமை எழுப்புவது கட்டற்ற நிரல்; திரையும் அப்படியே; பேலோடும் அப்படியே. விவரப் பகுதியும் ஈதர்நெட் பகுதியும் நிரல் அல்ல, அமைப்புத் தரவு. எம்இ, வெட்டிக் குறைக்கப்பட்ட தனியுரிம நிரல். மைக்ரோகோடு, தனியுரிமம். இவை போக, எவரும் பேச மறக்கும் ஒன்று உண்டு: விசைப்பலகை, மின்விசிறி, பேட்டரி ஆகியவற்றைக் கவனிக்கும் இசி என்னும் சிறு கட்டுப்படுத்தி. அதற்கெனத் தனி நிரல் இருக்கிறது. கோர்பூட் அதைத் தொடுவதே இல்லை.

கரிசல்காடு அவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைக் குறிப்பு. வைஃபை அட்டைப் பட்டியல் பயாஸில் உள்ளது. கோர்பூட் வந்தால் போய்விடும். பிற நிறுவனங்களின் பேட்டரியை ஏற்க மறுக்கும் சோதனையோ இசி-யில் உள்ளது. கோர்பூட் வந்தாலும் போகாது. அதை நீக்க இசி-யின் நிரலைத் திருத்தும் கருவி தனியே கிடைக்கிறது. ஆனால் அது உற்பத்தியாளரின் பயாஸ் இருக்கும்போதுதான் வேலை செய்யும். ஆகவே முதலில் இசி, பிறகு கோர்பூட்.

பழையபட்டறை:

கொள்கை விவாதம் நடக்கட்டும். தம்பி கரிசல்காடு, நீங்கள் செய்வதாக முடிவெடுத்தால் சில்லைத் தொடும் முன் இதைப் படியுங்கள். நான் இதுவரை இருபதுக்கு மேற்பட்ட கணினிகளுக்குச் செய்திருக்கிறேன். முதலாவதைக் கிட்டத்தட்டக் கெடுத்தேன்.

உற்பத்தியாளரின் பயாஸ் தன்னை எழுத்திலிருந்து பூட்டிக்கொள்வதால், முதல் முறை வெளியிலிருந்துதான் எழுத வேண்டும். பேட்டரியையும் மின்னிணைப்பையும் எடுத்துவிட்டு, விசைப்பலகையையும் கைத்தாங்கிப் பலகையையும் கழற்றினால் மதர்போர்டின் மேல் கறுப்பு நிறப் படலம் ஒன்று தெரியும். அதை மெதுவாக உயர்த்தினால் எட்டுக் கால்களுடன் இரண்டு சில்லுகள் அருகருகே இருக்கும். திரைப் பக்கம் இருப்பது 4 எம்பி, நம் பக்கம் இருப்பது 8 எம்பி. ஒரு மூலையில் இருக்கும் சிறு புள்ளி முதல் காலைக் குறிக்கிறது. சில்லைக் கவ்வும் எட்டுக் கால் கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும்.

கிளிப்பின் வழியே சில்லைப் படித்து எழுத நான் வாங்கியது சிஎச்341ஏ என்னும் மலிவான கறுப்புப் பலகை. சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. அந்தப் பலகையோ 3.3 என்று போட்டுவிட்டுத் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் தள்ளுகிறது. அது தெரியாமலேயே மாட்டினேன். சில்லு பிழைத்தது என் நல்ல நேரம். அதன்பிறகு ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் இத்தகைய சில்லுகளோடு பேசுவதற்கென உள்ள எஸ்பிஐ கால்களைத்தான் பயன்படுத்துகிறேன், அவை 3.3 வோல்ட்டிலேயே இயங்குபவை.

அடுத்த தொல்லை வாசிப்பில் வந்தது. ஃபிளாஷ்ரோம் கருவியால் 8 எம்பி சில்லை ஒரு முறை படித்துக் கோப்பாக்கினேன். விதிப்படி இரண்டாம் முறையும் படித்து கோப்பின் கைரேகை போன்ற ஷா256 மதிப்பை இரண்டுக்கும் எடுத்து ஒப்பிட்டேன்; வேறு வேறாக வந்தன. மூன்றாவது இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. சில்லு போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். பிறகு பார்த்தால், கிளிப்பிலிருந்து வந்த கம்பிகள் ஒரு முழத்துக்கு மேல் நீளம்; சமிக்ஞை வழியிலேயே கலங்கியிருக்கிறது. கம்பிகளை ஒரு சாண் அளவுக்குக் குறைத்து, வேகத்தையும் 512 கிலோஹெர்ட்ஸாக இறக்கிய பிறகு நான்கு முறை படித்தும் ஒரே மதிப்பு வந்தது. அந்த ஒரே மதிப்பு வரும்வரை எதையும் எழுதாதீர்கள். வாசிப்பே ஒழுங்காக வராத இணைப்பில் எழுத்து மட்டும் ஒழுங்காக நடக்காது.

படித்தெடுத்த மூலப் படிமங்களைக் குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். உங்கள் கணினியின் மேக் முகவரி (பிணையத்தில் அதன் அடையாள எண்) அந்த 8 எம்பிக்குள் ஈதர்நெட் பகுதியில்தான் இருக்கிறது. வேறொருவர் இணையத்தில் ஏற்றி வைத்த படிமத்தை எடுத்து எழுதினால் அவருடைய முகவரியும் சேர்ந்து வந்துவிடும். ஒரு முறை கோர்பூட் ஏறி, விவரப் பகுதியின் பூட்டும் திறந்துவிட்டால், அதன்பின் வரும் மேம்படுத்தல்களுக்குக் கணினியைத் திறக்க வேண்டாம்; லினக்ஸுக்குள்ளிருந்தே எழுதலாம்.

ஐயப்பாடு:

ஐயா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. என்னிடம் இருப்பது இதைவிடப் புதிய கணினி. அதிலும் கிளிப்பை மாட்டி எழுதினால் முடிந்துவிடாதா?

நிரல்நெசவு:

எழுதலாம், எழுதிய நிரல் பெரும்பாலும் ஓடாது.

2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையோடு பூட் கார்டு என்னும் வசதியை இன்டெல் கொண்டுவந்தது. மடிக்கணினி தயாரிப்பாளர் தன் பொதுச்சாவியின் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் கைரேகையை, சிப்செட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ்களில் எரித்துவிடுவார். எரித்தது எரித்ததுதான். மின்சாரம் வந்ததும், ஃபிளாஷிலுள்ள முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பாகவே, இன்டெல் கையொப்பமிட்ட ஒரு நிரல் ஓடி, பயாஸின் தொடக்கப் பகுதி அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டதா என்று சோதிக்கும். இல்லையென்றால் கணினி எழாது. ரேமை எழுப்பும் முறை நமக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் பயனில்லை. முதல் தடை அறிவைத் தர மறுத்ததால் வந்தது. அதை உழைப்பால் தாண்டினார்கள். இது அப்படிப்பட்டதன்று.

பாதுகாப்புக்காகத்தான் இது என்பார்கள். பயாஸுக்குள் ஒளியும் தீநிரல்கள் உண்மையிலேயே உண்டு. 2018-இல் லோஜாக்ஸ் பிடிபட்டது. ஆனால் சாவி உரிமையாளரிடம் இருந்தாலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். குரோம்புக்குகளைப் பாருங்கள்: எழுத்துப் பூட்டை இயந்திரத்தைத் திறந்து ஒரு திருகாணியைக் கழற்றி நீக்கும்படி முந்தைய மாதிரிகளில் வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து தாக்குபவனால் திருகாணியைக் கழற்ற முடியாது, சொந்தக்காரரால் முடியும். அவ்வளவு எளிய தீர்வு அது. மறுபக்கம், 2023-இல் தயாரிப்பாளர் ஒருவரின் பூட் கார்டு தனிச்சாவிகளே கசிந்தன. ஃபியூஸை மாற்ற முடியாதாகையால் அந்தக் கணினிகளில் இனி அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை.

திங்க்பேட் டி480-இன் கதை இதில் விசித்திரமானது. அதில் பூட் கார்டு உண்டு. எம்இ-யில் 2017-இல் வெளிப்பட்ட ஒரு வழுவைப் பயன்படுத்தி, அந்தப் பூட்டைச் செயலிழக்கச் செய்யும் டிகார்டு என்னும் கருவி 2024-இல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே லிப்ரேபூட் டி480-ஐத் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்காக, திருத்தப்பட்ட எம்இ பதிப்பை நீக்கிவிட்டு வழு உள்ள பழைய பதிப்பை வேண்டுமென்றே எழுத வேண்டும். பூட்டைத் தாண்டிய பின்னும் ரேமை எழுப்புவதற்கு இன்டெலின் எஃப்எஸ்பி என்னும் பிளாப் வேண்டும். ஆக, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழைய எக்ஸ்230, என் கணக்கேட்டில், டி480-ஐவிட ஓர் அடுக்கு முன்னால் நிற்கிறது.

வைகைக்கரை:

புதிதாக வாங்குவோர் பர்ரிசம், சிஸ்டம்76, ஸ்டார் லேப்ஸ் போன்ற நிறுவனங்களைப் பார்க்கலாம். கோர்பூட்டுடனேயே விற்கும் மாதிரிகள் அவர்களிடம் உள்ளன. சிஸ்டம்76 இசி-யின் நிரலையும் கட்டற்றதாக எழுதியிருக்கிறது. எஃப்எஸ்பி பெரும்பாலும் அவற்றிலும் உண்டு. ஏஎம்டி 2023-இல் அறிவித்த ஓபன்சில் என்னும் மூலநிரல் ஏஎம்டி செயலிகளில் எஃப்எஸ்பி போன்ற பிளாப்புக்கு மாற்றாக அமையக்கூடும். மடிக்கணினியில் அது வந்த பிறகு பேசுவோம். முழுமையான விடுதலை வேண்டுமென்றால் பவர்9 செயலி கொண்ட டாலோஸ் 2 என்னும் மேசைக்கணினி இருக்கிறது. அதை மடியில் வைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

கரிசல்காடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பழையபட்டறை அண்ணன் சொன்னபடி ராஸ்பெரி பையை வைத்தே செய்தேன். முதல் நாள் சில்லே இல்லை என்று ஃபிளாஷ்ரோம் சொல்லிக்கொண்டிருந்தது. கிளிப்பைச் சற்று அழுத்தி உட்கார வைத்ததும் கண்டுகொண்டது. இரண்டு சில்லுகளையும் மும்மூன்று முறை படித்தேன், ஒரே மதிப்பு. எம்இ-கிளீனரால் வெட்டிய படிமத்துடன் கோர்பூட்டைத் தொகுத்து, சீபயாஸைப் பேலோடாக வைத்து எழுதினேன். எழுதிய பின் முதன்முதலாக மின்விசையை அழுத்தியபோது திரை பல நொடிகள் கறுப்பாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் ரேமுக்குச் சுருதி சேர்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு முயல் படத்துடன் கோர்பூட் வந்தது. இரண்டாம் முறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை; கண்டறிந்த மதிப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்கிறது போலும்.

ஏதெராஸ் அட்டை எந்த மறுப்புமின்றி வேலை செய்கிறது. 30 நிமிடம் தாண்டி நாள்கணக்கில் ஓடுகிறது. உறங்கி எழுவதும் சரி.

ஒரு தவறு செய்துவிட்டேன். முதலில் இசி, பிறகு கோர்பூட் என்று நிரல்நெசவு அவர்கள் எழுதியிருந்தார். அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். பழைய பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காததால் நேற்று வேறொரு நிறுவனத்தின் புதிய பேட்டரியை வாங்கி மாட்டினேன். மின்னேற்றம் ஏறவே இல்லை. இனி என்ன செய்வது?

நிரல்நெசவு:

மூலப் படிமங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை லினக்ஸுக்குள்ளிருந்தே திரும்ப எழுதி உற்பத்தியாளரின் பயாஸுக்குப் போங்கள், இசி-யைத் திருத்துங்கள், பிறகு மீண்டும் கோர்பூட். போகும்போது கிளிப் தேவையில்லை. பயாஸ் திரும்பியதும் பூட்டும் திரும்பிவிடும் என்பதால் வரும்போது தேவைப்படும்.

பழையபட்டறை:

இசி-யைத் திருத்தும்போது மின்னிணைப்பு, மின்னேற்றம் உள்ள பேட்டரி இரண்டையும் கேட்கும். ஆகவே அந்தப் பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் தம்பி.

கரிசல்காடு:

போட்டுவிட்டேன் அண்ணா. எடுத்து வருகிறேன்.